விலை உயர்ந்த பருத்தி: எதற்குக் கொடுக்கலாம்?

தீபாவளிக்குத் துணி எடுக்கும் நேரம். பருத்தி பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

டவுண் ரத வீதிக் கடையில் மருமகனுக்குச் சட்டைத் துணி பார்த்தோம். சாதாரணக் காட்டன் மீட்டர் 350 ரூபாய், ‘கிசா காட்டன்’ 1,400 ரூபாய். “இது ஒசத்திப் பஞ்சும்மா” என்றார் கடைக்கார அண்ணாச்சி. கைக்கு ரெண்டும் ஒன்று போலத்தான் இருந்தது. கிசா, சுப்பிமா, சுவின் என்கிறார்களே, அப்படி என்னதான் வித்தியாசம்?
– வாசகி, பாளையங்கோட்டை

வித்தியாசம் இழையின் நீளத்திலும் மென்மையிலும் இருக்கிறது. உலகில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் ‘ஹிர்சூட்டம்’ என்ற இனம். அதன் இழை பெரும்பாலும் 26 முதல் 30 மி.மீ. நீளம். நீங்கள் கேட்ட மூன்று பெயர்களும் ‘பார்படென்ஸ்’ என்ற வேறு இனத்தைச் சேர்ந்தவை. அதில் நல்ல ரகங்களின் இழை 35 மி.மீ.யைத் தாண்டும், பருமனும் குறைவு.

நீள இழையால் என்ன லாபம்? நூல் என்பது ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்து முறுக்கியது. ஒவ்வோர் இழைக்கும் இரண்டு நுனி. இழை குட்டையானால் நுனிகள் கூடும், அவை நூலுக்கு வெளியே ரோமமாக நீட்டிக்கொள்ளும், தேயும்போது சுருண்டு உருண்டையாகும். இழை நீளமானால் நுனி குறைவு. நூல் வழவழப்பாக இருக்கும், மெல்லியதாக நூற்றாலும் அறாது. விலையில் நியாயமான பங்கு இதற்குத்தான்.

சுப்பிமா என்பது அமெரிக்கப் பிமா பருத்திக்கு அங்குள்ள விவசாயிகள் சங்கம் வைத்த முத்திரைப் பெயர். சங்கம் 1954இல் தொடங்கியது. சுவின் நம்முடையது. எகிப்து வழிவந்த ‘சுஜாதா’வையும் மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் கலந்து கோயம்புத்தூரில் உருவாக்கி, 1974இல் வெளியிட்டார்கள். பெயரிலேயே இரண்டு பெற்றோரும் இருக்கிறார்கள். இன்று அதன் விளைச்சல் மிகக் கொஞ்சம். ஆகவே குறைந்த விலைத் துணியில் ‘சுவின்’ என்று எழுதியிருந்தால் ஒரு முறைக்கு இரு முறை கேளுங்கள்.

கிசா என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். எகிப்தில் ரகங்களுக்கெல்லாம் கிசா என்ற பெயரோடு ஓர் எண் உண்டு. கிசா 45, 87 போன்றவை மிக நீள இழை. கிசா 86 அதற்கு ஒரு படி கீழே. எண் சொல்லாமல் ‘கிசா’ என்று மட்டும் சொல்வது, ‘மாம்பழம்’ என்று சொல்லி இமாம்பசந்து விலை கேட்பது மாதிரி. எகிப்துப் பருத்தி என்று விற்ற படுக்கை விரிப்புகள் அப்படி இல்லை என்று 2016இல் அமெரிக்காவில் பெரிய சர்ச்சையே ஆனது. அதன்பின் மரபணுச் சோதனைக்கு மதிப்புக் கூடியது. கடையில் நம்மால் அதைச் செய்ய முடியாது. பீஸின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் மில் பெயர், நூல் நம்பர் (விளக்கம் அடுத்த பதிலில்), சான்று முத்திரை மூன்றையும் பாருங்கள். மூன்றும் இல்லாமல் வாய்ச்சொல் மட்டும் என்றால் 350 ரூபாய்த் துணியே போதும்.

கைக்கு ஒன்று போல இருந்ததற்கும் காரணம் உண்டு. புதுத் துணியில் சிலிக்கோன் மென்பூச்சு ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். அது ஐந்தாறு சலவையில் போய்விடும். பஞ்சின் குணம் அதன்பிறகுதான் வெளியே வரும்.

‘100க்கு 100’ என்று சொல்லி 1,850 ரூபாய்க்கு வேட்டி வாங்கினேன். தினமும் கட்டினேன். நாலு மாதத்தில், வண்டியில் உட்கார்ந்து எழும்புகிற இடத்தில் நைந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

அநேகமாக இல்லை. ‘100க்கு 100’ என்றால் பாவு (நீளவாட்டு நூல்), ஊடை (குறுக்குவாட்டு நூல்) இரண்டும் 100ஆம் நம்பர். கல்யாணத்துக்குக் கட்ட வேண்டியதை வயலுக்கும் வண்டிக்கும் கட்டிவிட்டீர்கள்.

நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் நூலில் எத்தனை சிட்டம் இருக்கிறது என்ற கணக்கு. ஒரு சிட்டம் 840 கெஜம், 768 மீட்டர். 40ஆம் நம்பர் என்றால் பவுண்டுக்குச் சுமார் 31 கிலோமீட்டர். 100ஆம் நம்பர் என்றால் சுமார் 77 கிலோமீட்டர். நெல்லையில் பிடித்தால் நாகர்கோவில் பக்கம் வரை போகும். எண் ஏற ஏற நூல் மெலியும். 40ஆம் நம்பர் நூலைக் குறுக்கே வெட்டினால் சுமார் 90 இழை இருக்கும். 100ஆம் நம்பரில், மெல்லிய நீள இழைப் பஞ்சாகவே இருந்தாலும், 50 வாக்கில்தான் இருக்கும். சாதாரணப் பஞ்சை அந்த எண்ணுக்கு இழுத்தால் 36க்கு வந்துவிடும், அதுவும் குட்டை இழை. அப்படி நூற்றது எங்கோ ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கத்தான் செய்யும்.

தினப்படிக்கு 40 அல்லது 60ஆம் நம்பர் வேட்டி. கோயில், விசேஷத்துக்கு 80. 100ஐ வருஷத்துக்குப் பத்துத் தடவைக்கு மேல் கட்டாதீர்கள். உழைப்பும் மென்மையும் சேர்ந்து வேண்டும் என்றால் ‘2/100’ என்று கேளுங்கள். இரண்டு 100ஆம் நம்பர் நூலை முறுக்கி ஒன்றாக்கியது அது. பருமன் 50ஆம் நம்பருக்குச் சமம், வழவழப்பு 100ன் வழவழப்பு. பாவும் ஊடையும் இரண்டுமே ரெட்டை நூலா என்பதையும் கேட்க வேண்டும். பாவில் மட்டும் ரெட்டை போட்டு ஊடையில் ஒற்றையை ஓட்டுவது விலை குறைக்கும் பழைய வழி. ஓரத்தில் ஒரு நூலை உருவி, முறுக்குக்கு எதிர்ப்பக்கம் திருகிப் பாருங்கள். இரண்டாகப் பிரிந்தால் ரெட்டை, பஞ்சாகக் கலைந்தால் ஒற்றை.

1,000 த்ரெட் கவுண்ட் விரிப்பு வாங்கினோம். சித்திரை வெயிலில் படுக்க முடியவில்லை, புழுங்குகிறது. காட்டன்தானே?
– வாசகி, தென்காசி

காட்டனாகவே இருக்கலாம். த்ரெட் கவுண்ட் என்பது ஓர் அங்குலத்தில் பாவு நூலும் ஊடை நூலும் சேர்ந்து எத்தனை என்பது. ஒற்றை நூலில் நெய்தால் 400, 500க்கு மேல் அடைக்க இடமே கிடையாது. ஊடையில் மெல்லிய நூல் ஐந்தாறை ஒரே கட்டாக விட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணித்தான் 1,000 வருகிறது. கிடைப்பது கனமான, காற்றுப் புகாத துணி. அதிலும் ‘சாட்டின்’ நெசவு என்றால் நூல்கள் மேலே படுத்துக் கிடக்கும். பளபளக்கும், உடம்போடு ஒட்டும்.

நம் ஊர் வெயிலுக்கு 200 முதல் 300 வரை, சாதா நெசவு, குட்டை இழை நீக்கிய கோம்டு நூல். ‘பெர்கேல்’ என்று எழுதியிருப்பார்கள். குளிர்ச்சியைத் தருவது நெசவும் கனமும்; பஞ்சின் ஊர்ப்பெயருக்கு அதில் பங்கு சொற்பம்.

கோம்டு, கார்டடு, மெர்சரைஸ்டு – இவற்றில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?
– வாசகர், சங்கரன்கோவில்

கோம்டுக்குக் கண்டிப்பாகக் கொடுக்கலாம். கார்டிங்கில் தூசியும் முடிச்சும் போகும். கோம்பிங்கில் சீப்பு போட்டு வாருவது மாதிரி குட்டை இழைகளைப் பிரித்தெடுத்து விடுவார்கள். பஞ்சில் 15 முதல் 20 விழுக்காடு வரை இப்படிக் கழியும். அந்த நஷ்டம்தான் கூடுதல் விலை. நல்ல சாதாரணப் பஞ்சின் கோம்டு நூல், பெரிய பெயர் கொண்ட பஞ்சின் கார்டடு நூலை விடப் பல நேரம் மேல்.

மெர்சரைஸ் என்பது நூலையோ துணியையோ இழுத்துப் பிடித்தபடி கெட்டியான காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைப்பது. தட்டையான ரிப்பன் போல இருக்கும் இழை உப்பி உருண்டையாகும். மினுக்கம், வலு, சாயம் பிடிக்கும் தன்மை மூன்றும் கூடும். அழுத்தமான நிறத்தில் சட்டை எடுத்தால் இதற்குக் கொடுப்பது வீண் போகாது. வெள்ளைக்கு அவ்வளவு அவசியம் இல்லை.

வீட்டிலேயே சோதிக்க வழி?
– வாசகர், வள்ளியூர்

நூல் ஒன்றை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாடையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி. உருகி, கறுத்த கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர் கலந்தது. ஆனால் மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸும் மோடலும் பருத்தி மாதிரியே எரியும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுவது. அதற்கு, நூலின் நடுவில் மட்டும் எச்சில் தொட்டு நனைத்து இரு பக்கமும் இழுங்கள். ஈரமான இடத்தில் அறுந்தால் விஸ்கோஸ். பருத்தி நனைந்தால் வலு கூடும், காய்ந்த இடத்தில்தான் அறும்.

பஞ்சு நீள இழையா என்று பார்க்க, துணியின் ஒரு மூலையைக் கட்டைவிரலால் ஐம்பது தடவை அழுத்தித் தேய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். ரோமம் எழும்பினால் குட்டை இழை கலந்திருக்கிறது. ஒரு முறை துவைத்த துணியில் செய்தால்தான் முடிவு சரியாக இருக்கும்.

வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலை சுத்தப் பருத்தியா?
– வாசகி, சேரன்மகாதேவி

இல்லை. செயற்கைப் பட்டும் (விஸ்கோஸ் வகை) பருத்தியும் கலந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. ஈரத்தோடு முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப் போடுங்கள். காரணம் மேலே உள்ள பதிலில் இருக்கிறது.

எங்கள் கரிசலில் விளைந்த கருங்கண்ணியை ஏன் யாரும் ஒசத்தி என்பதில்லை?
– வாசகர், கோவில்பட்டி

ஒசத்தி என்பதை மில்காரர்கள் இழை நீளத்தால் அளக்கிறார்கள். கருங்கண்ணி ‘ஆர்போரியம்’ என்ற நாட்டு இனம். இழை குட்டை, பருமன் அதிகம்; 100ஆம் நம்பருக்கு அதை நூற்க முடியாது. உங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கி இந்த இனத்தில் ‘கே’ வரிசை ரகங்களைக் கொடுத்து வந்திருக்கிறது. வானம் பார்த்த பூமியில், ஐப்பசி மழையை நம்பியே நிற்கும் செடி அது.

பருமனான இழைக்கு வேறு தகுதி உண்டு. அமுங்கினால் திரும்ப எழும்பும். மெத்தைக்கும் தலையணைக்கும் அதனால்தான் நாட்டுப் பஞ்சைக் கேட்டு வாங்குகிறோம். 10 முதல் 20ஆம் நம்பர் வரை நூற்றுத் துண்டு, போர்வை, தடித்த சட்டை நெய்தால் நன்றாக உழைக்கும். கருங்கண்ணித் துணி என்று 80ஆம் நம்பர் மென்மையோடு யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

முடிவாக: 1,200 ரூபாய்ச் சட்டையா, 3,600 ரூபாய்ச் சட்டையா?
– வாசகர், திருநெல்வேலி

வாரம் ஒரு முறை போட்டால் வருஷத்துக்கு ஐம்பது சலவை. 1,200 ரூபாய்ச் சட்டை நூறு சலவை தாங்கினால் ஒரு தடவைக்கு 12 ரூபாய். 3,600 ரூபாய்ச் சட்டை அதற்கு ஈடாக முந்நூறு சலவை, அதாவது ஆறு வருஷம் வர வேண்டும். வராது. எந்தப் பஞ்சானாலும் காலர் மடிப்பும் கைமுனையும் அதற்கு முன்பே தேய்ந்துவிடும். இரண்டு மடங்கு வரை விலை கொடுத்து 2/80, 2/100 கோம்டு துணி எடுத்துத் தைப்பது சரி. அதற்கு மேல் போவது பெயருக்கும் பெட்டிக்கும்.

நீள இழைக்கு உண்மையில் பணம் போட வேண்டிய இடம் பனியனும் குழந்தைத் துணியும். உடம்போடு நாள் முழுக்க உரசுவது அவைதான். விலையும் மிஞ்சிப் போனால் நூறு, இருநூறுதான் கூடும். துண்டுக்கு வேண்டவே வேண்டாம்.

வெள்ளை வேட்டி பெட்டியிலேயே பழுப்பேறுகிறது. போர் தண்ணீர்தான், உப்பு அதிகம்.
– வாசகி, நாங்குநேரி

உப்புத் தண்ணீரில் கட்டிச் சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியிலேயே படியும். திரவ டிடர்ஜென்ட்டுக்கு மாறுங்கள். கடைசி அலசலுக்கு ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விட்டு ஐந்து நிமிடம் வைத்துப் பிழியுங்கள். குளோரின் பிளீச் நூலை அரிக்கும், பிறகு அதுவே மஞ்சளாக்கும். மெல்லிய நூலுக்கு ஆகவே ஆகாது.

கட்டி முடித்த வேட்டியைக் கஞ்சியோடு எடுத்து வைக்காதீர்கள். கஞ்சிக்கு ராமபாணப் பூச்சி வரும், கார்த்திகை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சி போக அலசி, நன்றாகக் காயவைத்து, பாலித்தீன் பைக்குப் பதில் பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கட்டப் போகும் முதல் நாள் கஞ்சி போட்டால் போதும்.