ஹாலோவின் நடுவில் அடர்த்தி தட்டையாகிறதா? முதலில் மையத்தைப் பாருங்கள்

கேள்வி: முதுகலை புராஜெக்டுக்காக, குளிர் கரும்பொருள் (ஒளி தராத, மெதுவாக நகரும் பொருள்) மட்டும் உள்ள சிமுலேஷன் ஓட்டினேன். ஒரு ஹாலோவில், அதாவது ஈர்ப்பால் சேர்ந்த கரும்பொருள் திரளில், 8,000 துகள்கள். நிறை மையத்திலிருந்து அடர்த்தியைக் கணக்கிட்டால், நடுவில் ஏறாமல் தட்டையாக நிற்கிறது. குள்ள விண்மீன் மண்டலங்களில் சொல்லப்படும் தட்டை மையம் இதுதானா?

பதில்: இல்லை என்றே நினைக்கிறேன். குள்ள மண்டலங்களில் மையத்தைத் தட்டையாக்குவது பெரும்பாலும் சூப்பர்நோவாக்கள் திரும்பத் திரும்ப வெளியே தள்ளும் வாயு என்பது பலரும் ஏற்கும் விளக்கம். உங்கள் சிமுலேஷனில் வாயுவே இல்லையே! குளிர் கரும்பொருள் மட்டும் இருந்தால், நவாரோ, ஃப்ரெங்க், ஒயிட் என்ற வானியலாளர்கள் மூவரும் 1990-களில் காட்டிய வடிவம்தான் ஏறக்குறைய வரவேண்டும்: உள்ளே அடர்த்தி ஆரத்துக்கு எதிர்விகிதத்தில், வெளியே ஆரத்தின் கனத்துக்கு எதிர்விகிதத்தில்.

முதல் சந்தேகம் நிறை மையத்தின் மேல். ஹாலோ ஒரே மூச்சில் உருவாவதில்லை. சின்னவை முதலில் சரிந்து, அப்புறம் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகின்றன. உள்பகுதி, பிரபஞ்சம் இன்னும் நெருக்கமாக இருந்த காலத்தில் சேர்ந்தது. வெளிப்பகுதி பின்னால் வந்து ஒட்டியது. (முந்திச் சரிந்த சிறிய ஹாலோக்கள் கூடுதல் செறிவோடு இருப்பதும் இதனால்தான்.) விழுங்கப்பட்டவை உடனே கரைவதுமில்லை, உள்ளேயே துணை ஹாலோக்களாகச் சுற்றும். மொத்த நிறையில் 10% கொண்ட ஒன்று விரியல் ஆரத்தில் (ஹாலோவின் வெளி எல்லையாகக் கொள்ளும் ஆரம்) பாதித் தூரத்தில் இருந்தால் போதும், நிறை மையம் அந்த ஆரத்தில் சுமார் 5% நகர்ந்துவிடும். சிகரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உயரம் அளந்தால் தட்டையாகத்தானே தெரியும்? சுருங்கும் கோள முறையைப் பயன்படுத்துங்கள்: கோளத்துக்குள் நிறை மையம் கண்டு, அங்கே கோளத்தை வைத்து, ஆரத்தைச் சற்றுக் குறைத்து, சில நூறு துகள்கள் மிஞ்சும்வரை திரும்பச் செய்யவேண்டும். ஈர்ப்பு ஆற்றல் மிகத் தாழ்ந்த துகளை மையமாக எடுத்தாலும் சரி.

அதற்குப் பிறகும் தட்டையாக இருந்தால், துகள் எண்ணிக்கையைப் பாருங்கள். செறிவு (விரியல் ஆரத்தை, அடர்த்தியின் சரிவு உள் வடிவத்திலிருந்து வெளி வடிவத்துக்கு மாறும் ஆரத்தால் வகுத்தால் வரும் எண்) 10 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 8,000 துகளில் விரியல் ஆரத்தின் 5 சதவீதத்துக்குள் சுமார் 390 இருக்கும். 1 சதவீதத்துக்குள் வெறும் 24! இவ்வளவு குறைவாக இருந்தால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துத் தடம் மாற்றி, கூர்மையைச் செயற்கையாக மழுக்கிவிடும். நிஜக் கரும்பொருளில் இந்த விளைவு கிடையாது. என் கணக்கில் விரியல் ஆரத்தின் சுமார் 6 சதவீதத்துக்கு உள்ளே வரும் புள்ளிகளை நம்பாதீர்கள். வரைபடத்தில் அங்கே ஒரு கோடு போட்டு, வளைகோட்டைப் பொருத்தும்போதும் அந்தப் புள்ளிகளை விலக்கிவிடுங்கள். ஈர்ப்பு மென்மையாக்கும் நீளம் (துகள்கள் இதைவிட நெருங்கினால் சிமுலேஷன் ஈர்ப்பைச் செயற்கையாகக் குறைக்கும்) அதைவிடப் பெரிதென்றால், அதுதான் எல்லை.

நேரம் இருந்தால் அதே தொடக்க நிலையை 8 மடங்கு துகள்களோடு, மென்மையாக்கும் நீளத்தைப் பாதியாக்கி ஓட்டுங்கள். தட்டைப் பகுதி உள்நோக்கிச் சுருங்கினால் அது கணினியின் வேலை. சுருங்கவே இல்லையென்றால் நேரப்படியை (சிமுலேஷன் ஒவ்வொரு அடியிலும் தாண்டும் கால இடைவெளி) குறைத்து இன்னொரு முறை ஓட்டிவிட்டு, அப்புறம் வழிகாட்டியிடம் போகலாம்.