ஆரஞ்சு ஏன் அழுக்காகிறது? – சாக் பேஸ்டல், சார்கோல் கேள்வி பதில்

கேள்வி: ஒரு ஆரஞ்சுப் பழம், கோப்பை, மடித்த துணி. மூன்றையும் சார்கோலில் (கரிக்குச்சியில்) வரைந்து, நிழலும் போட்டு முடித்தபின் மேலே சாக் பேஸ்டல் (நிறத்தூளால் செய்த குச்சி) பூசினேன். ஆரஞ்சு நிறம் அழுக்காகிவிட்டது. மலிவான பேஸ்டல் வாங்கியதுதான் காரணமா?

பேஸ்டல் மேல் பழி வேண்டாம். வில்லோ சார்கோல் என்பது காற்றுப் புகாமல் கரியாக்கிய வில்லோ மரக் குச்சிதான். அதில் பசை எதுவும் கிடையாது. அதனால் தாளில் ஒட்டாமல் தூசியாகவே உட்கார்ந்திருக்கும். அதன்மேல் பேஸ்டலை இழுத்தால் இரண்டும் கலந்துவிடும். கரி வலுவான நிறம்; துளி சேர்ந்தாலே ஆரஞ்சு மங்கும், மஞ்சள் பச்சையடிக்கும்.

நிழல் முழுவதையும் கரியில் போடாதீர்கள். அவுட்லைனை வரைந்ததும் உலர்ந்த துணியால் தட்டி, மெல்லிய சாம்பல் தடம் மட்டும் மிஞ்சும்படி விடுங்கள். தூளைத் தாளில் பிடித்துவைக்கும் ஸ்பிரேயான ஃபிக்ஸேட்டிவ் ஒரு பூச்சு அடித்து, நன்றாகக் காய்ந்தபின் நிறத்துக்குப் போகலாம். பழத்தின் நிழல் பக்கத்துக்குக் கறுப்பு தேவையே இல்லை. செங்கல் சிவப்பு, அதன்மேல் கொஞ்சம் அடர் ஊதா போதும். நிழலிலும் பழம் பழமாகவே இருக்கும். கரியைக் கோப்பை மேசையைத் தொடும் இடுக்கு, துணி மடிப்பின் ஆழம் போன்ற இடங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். படத்திலேயே ஆகக் கறுப்பான இடங்கள் அவைதான்.

கெட்டுப்போன படத்தையும் மீட்கலாம். பலகையை நிமிர்த்தி வைத்து, விறைப்பான உலர்ந்த பிரஷால் அந்த இடத்துத் தூளைத் தட்டிவிடுங்கள். பிறகு, களிமண் போலப் பிசையக்கூடிய ரப்பரால் ஒற்றியெடுங்கள். தேய்த்தால் கரி இன்னும் உள்ளே இறங்கும். ஃபிக்ஸேட்டிவ் அடித்துவிட்டு ஆரஞ்சை மறுபடி பூசுங்கள். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் பேஸ்டலின் நுனியைத் துணியில் துடைக்க வேண்டும். கரி ஏறிய நுனிதான் அடுத்த இடத்தையும் அழுக்காக்குகிறது.

கேள்வி: கோப்பை எப்போதும் சாய்ந்தே நிற்கிறது. அடிப்பாகம் மேசையில் உட்காரவே மாட்டேன் என்கிறது.

பெரும்பாலும் வாயை நீள்வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் போட்டிருப்பீர்கள். மேலிருந்து பார்க்கும்போது வாயைவிட அடி நம் கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருக்கிறது. எனவே அதன் வளைவு வாயின் வளைவைவிட அதிகமாகத்தான் இருக்கும். முதலில் நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டு, இருபுறமும் சம அகலம் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கோப்பை என்று நினைத்து, கண்ணுக்குத் தெரியாத பின்பக்க வளைவையும் வரைந்து, பிறகு அழியுங்கள். வில்லோ சார்கோல் லேசாகத் தட்டினாலே போய்விடும் என்பதால் இதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. கரித்தூளை இறுக்கிச் செய்த கம்ப்ரெஸ்டு சார்கோலில் பசை உண்டு, தடம் விட்டுவிடும். நீள்வட்டத்தின் இரு முனைகளும் கூராக இருந்தாலும் கோப்பை நசுங்கியதாகத் தெரியும்.

கேள்வி: மூன்று நான்கு பூச்சுக்குப் பிறகு நிறம் ஒட்டாமல் வழுக்குகிறது.

தாளின் சொரசொரப்பில் இருக்கும் குழிகள்தான் தூளைப் பிடித்து வைக்கின்றன. அவை நிரம்பிவிட்டால் அடுத்த நிறத்துக்கு இடமில்லை. வழவழப்பான அச்சுத்தாள் இரண்டு பூச்சுக்கு மேல் தாங்காது. ஆரம்பத்திலேயே விரலால் தேய்ப்பதும் குழிகளை அடைக்கும், விரலின் எண்ணெய்ப் பசையும் சேரும். பேஸ்டல் குச்சியை 2–3 செ.மீ. துண்டாக உடைத்து, படுக்கவைத்து, அழுத்தாமல் இழுங்கள். கடினமான பேஸ்டல் முதலில், மென்மையானது பிறகு. பின்னணியைத் தேய்த்துக் கலக்கலாம். பொருட்களின் மேல் இழுத்த தடங்களை அப்படியே விட்டால்தான் படத்துக்கு உயிர் இருக்கும். அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய ஃபிக்ஸேட்டிவ் அடித்தால் பிடிப்பு ஓரளவு திரும்பக் கிடைக்கும். பேஸ்டலில் அடுக்கடுக்காக வேலை செய்த பிரெஞ்சு ஓவியர் டெகா இப்படித்தான் செய்தார்.

கேள்வி: ஃபிக்ஸேட்டிவ் அடித்ததும் எவர்சில்வர் குவளையின் வெள்ளைப் பளபளப்பு காணாமல் போனது!

தூள்களுக்கு இடையே உள்ள காற்று இடைவெளிகளில் திரவம் புகுந்துவிடுகிறது. ஒளி முன்போலச் சிதறாததால் வெள்ளை மங்குகிறது. ஆகவே பளபளப்பைக் கடைசியாக, ஃபிக்ஸேட்டிவ் காய்ந்தபின் வையுங்கள். அதன்மேல் மறுபடி அடிக்காதீர்கள். சாம்பல் நிறத் தாளில், வெள்ளையை ஒரே அழுத்தாக வைத்து எடுத்தால் போதும். உலோகத்தில் ஒளியும் இருளும் சட்டென்று மாறுவதால் அந்த விளிம்பைத் தேய்க்கவே கூடாது. அடிக்கும்போது சுமார் 30 செ.மீ. தள்ளி நின்று, தாளுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கேள்வி: தூசியை ஊதிவிடலாமா? முடித்த படத்தை எப்படி வைப்பது?

ஊதாதீர்கள். நிறத்தூள் மூச்சில் போவது நல்லதல்ல. சில நிறமிகள் நச்சுத்தன்மை கொண்டவை. பலகையைச் சற்றே முன்பக்கம் சாய்த்து வைத்தால் தூள் கீழே விழும். அதை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். முடிந்த படத்தின்மேல் வழவழப்பான கிளாசின் தாளை வைத்து, நகராமல் மூலைகளில் ஒட்டுங்கள். சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே அட்டை விளிம்பு வேண்டும். கண்ணாடிக்குப் பதில் சாதாரண அக்ரிலிக் தகடு போட்டால் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும்.