எந்த சாஃப்ட்வேர் வாங்கட்டும், அக்கா?

கேள்வி: அக்கா, வணக்கம். எங்கள் அப்பா தக்கலையில் 22 வருஷமாக வீடு கட்டிக் கொடுக்கிறார். இப்போது ஐந்து சைட் ஓடுகிறது, அதில் ஒன்று அரசாங்க ஒப்பந்த வேலை. அப்பாவுக்கு மூட்டுவலி வந்ததால் நான் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து அலுவலகத்தைப் பார்க்கிறேன். மாசக் கடைசியில் பில்களைக் கட்டிக் கொடுத்தால் ஆடிட்டர் அலுவலகத்தில் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் ஒரு வீட்டில் லாபமா நஷ்டமா என்பது சாவி கொடுத்து ஆறு மாசம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிகிறது. இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்து லேப்டாப்பில் காட்டினார்கள். ஒன்றில் எல்லாமே இருக்கிறது, விலை அதிகம். இன்னொன்று ஆளுக்கு இவ்வளவு என்று மாசச் சந்தா. அப்பா "நோட்டு போதும்" என்கிறார். எதை வாங்கட்டும்?
– வாசகி, தக்கலை

பதில்: தங்கச்சி, ஆறு மாசம் கழித்துத்தான் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு என் பழைய மேசை ஞாபகம் வந்துவிட்டது. மார்த்தாண்டத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் 19 வருஷம் கணக்கு பார்த்தவள் நான். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

இரண்டில் எது என்று கேட்டால், இரண்டையும் ஒரே பரீட்சைக்கு உட்கார வையுங்கள் என்பேன். சாவி கொடுத்து முடித்த வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வானம் தோண்டியதிலிருந்து பெயின்ட் வரை அதன் காகிதம் முழுவதையும் ஒரு பையில் போடுங்கள். சிமென்ட் பில், எடைமேடைச் சீட்டு, டிப்பர்காரர் கொடுத்த துண்டுச் சீட்டு, அப்பாவின் சம்பள நோட்டு, வீட்டுக்காரர் தவணை தவணையாகக் கொடுத்த பணத்தின் விவரம் எல்லாம் அதில் இருக்கட்டும். விற்க வருகிறவர் லேப்டாப்பில் வைத்திருக்கும் மாதிரிக் கணக்கு எப்போதும் அழகாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். உங்கள் பையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து நீட்டி, "இதை ஏற்றுங்கள்" என்று சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் உங்களுக்கே விளங்கிவிடும்.

முதலில் கம்பிச் சீட்டைக் கொடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி பத்து வருஷத்துக்கு முன்னால் பெரிய விலை கொடுத்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கியது. கம்பி வந்தால் எடைமேடைச் சீட்டைப் பார்த்து கிலோவில் வரவு வைப்போம். சைட்டில் சூப்பர்வைசர் எண்ணுவது கம்பியை, கிலோவை அல்ல. 12 எம்.எம். கம்பி 188 எண்ணம் செலவு என்று அவர் அடித்தார். சாஃப்ட்வேர் அதை 188 கிலோ என்று எடுத்துக்கொண்டது. கம்பியின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்.எம். என்றால் மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள ஒரு முழுக் கம்பி ஏறக்குறைய 10.67 கிலோ. அப்படியானால் 188 கம்பி என்பது 2 டன். ஆனால் எங்கள் திரையில் 1,800 கிலோவுக்கு மேல் இருப்பு நின்றது. அதை நம்பி அடுத்த லோடுக்கு நான் ஆர்டர் போடவில்லை. கான்கிரீட்டுக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தால் வெட்டுத் துண்டுகள் மட்டும் கிடக்கின்றன. சென்ட்ரிங் பலகைக்கும் ஜாக்கிக்கும் வாடகை ஓட, வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினோம். அந்த சூப்பர்வைசர், "எக்கா, நான் கம்பின்னு சொன்னா இது கிலோன்னு கேக்குது, நான் என்ன செய்ய?" என்றார். தப்பு அவருடையது இல்லை. வாங்கும்போது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஆகையால் ஒரே பொருளை இரண்டு அளவில் வைக்க முடியுமா என்று பாருங்கள். கம்பி கிலோவிலும் எண்ணத்திலும், கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்.சாண்ட் டன்னிலும் யூனிட்டிலும். கிரஷர்காரர் டன்னில் பில் போடுவார், சைட்டில் நாம் பேசுவது 100 கன அடி யூனிட். நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. நனைந்த மணலின் எடை ஏறிவிடும், உள்ளே இருக்கும் மணல் ஏறாது. டன்னையும் யூனிட்டையும் சேர்த்துப் பார்க்க வழியில்லாத சாஃப்ட்வேர் உங்களுக்கு மழைத்தண்ணீரையும் மணலாகக் கணக்குக் காட்டும்.

அடுத்து சம்பள நோட்டு. ஒரு கொத்தனார் காலையில் தக்கலை சைட்டில் கட்டு வேலை பார்க்கிறார், மத்தியானம் வில்லுக்குறியில் பூச்சு வேலைக்குப் போகிறார். அந்த ஒரு நாள் சம்பளத்தை இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துப் போட முடிகிறதா? கையாளுக்குக் கொடுத்த அட்வான்ஸை சனிக்கிழமை தானாகக் கழித்துக் காட்டுகிறதா? செய்து காட்டச் சொல்லுங்கள், "வரும், அடுத்த வெர்ஷனில் வரும்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

ஒரு வீட்டில் மிச்சமான 12 மூட்டை சிமென்டை லோடு ஆட்டோவில் அடுத்த வீட்டுக்கு அனுப்புவோமே, அதையும் கேளுங்கள். லாபம் தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்த லோடு ஆட்டோதான் காரணம் என்று என் அனுபவத்தில் அடித்துச் சொல்வேன். முதல் வீட்டில் நஷ்டம் போலத் தெரியும், இரண்டாவது வீட்டில் லாபம் போலத் தெரியும், இரண்டுமே பொய். சென்ட்ரிங் சாமானும் மிக்சர் மெஷினும் எந்த சைட்டில் எத்தனை நாள் நின்றன என்பதும் இதே கதைதான்.

அரசாங்க வேலைக்குத் தனியாக ஒரு சோதனை வேண்டும். எம்.புக்கில், அதாவது முடிந்த வேலையின் அளவைப் பதியும் புத்தகத்தில், அளவெடுத்துப் பகுதி பில் போடுகிறீர்கள். ஒப்பந்தம் 2.5 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே கழித்துக்கொள்ளும் வரி) 2% பிடிப்பார்கள். வருமான வரி டி.டி.எஸ்., தொழிலாளர் நல நிதிக்கு 1%, அதற்கு மேல் பிடித்துவைக்கும் தொகை. போட்ட பில் ஒன்று, வங்கிக்கு வந்த பணம் வேறொன்று. ஒவ்வொரு பிடித்தமும் தனித்தனிக் கணக்கில் போய் உட்கார வேண்டும். பிடித்துவைத்த தொகை திரும்பக் கிடைக்க வேண்டிய தேதியைத் திரை ஞாபகப்படுத்த வேண்டும். எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு தொகையை இரண்டு வருஷம் கேட்க மறந்தே போனோம்.

வரி விஷயத்தில் உங்கள் ஆடிட்டர் சொல்வதே கடைசி வார்த்தை, நான் சிலதை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். ஓராண்டு வரவு 5 கோடியைத் தாண்டினால் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (அரசின் இணையதளத்தில் பதிந்து எண் வாங்கும் பில்) கட்டாயம், அது சாஃப்ட்வேரிலிருந்தே போகுமா என்று பாருங்கள். கொத்து வேலையை உள் ஒப்பந்தத்துக்கு விடும்போது தனிநபருக்கு 1%, நிறுவனத்துக்கு 2% டி.டி.எஸ். பிடிக்க வேண்டிய இடத்தில் அது நினைவூட்ட வேண்டும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் டைல்ஸ் வாங்கினால் மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி., நாகர்கோவிலில் வாங்கினால் மத்திய வரியும் மாநில வரியும் பாதிப் பாதி. எல்லையோரத்தில் தொழில் செய்யும் நமக்கு இது வாரம் தவறாமல் வரும். பிற்பாடு நீங்கள் பிரைவேட் லிமிடெட் ஆக மாறினால், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற தடம் அழியாமல் இருக்கும் கணக்கு சாஃப்ட்வேர்தான் வைத்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அது கம்பெனிகளுக்குச் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு அது வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஐந்து சைட்டுக்கு அந்த "எல்லாமே இருக்கிற" சாஃப்ட்வேரை இன்றைக்கு வாங்காதீர்கள். உங்கள் கணக்கு ஏற்கெனவே ஆடிட்டரிடம் டாலியில்தான் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வீட்டையும் ஒரு காஸ்ட் சென்டராகவும் (செலவைத் தனியாகச் சேர்க்கும் தலைப்பு), ஒவ்வொரு சைட்டையும் ஒரு குடோனாகவும் திறக்கலாம். ஒரு குடோனிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு மாற்றலாம், ஒரு பொருளுக்கு இரண்டு அளவும் வைக்கலாம். உங்களுக்கு முட்டுவது டாலியில் இல்லை, பில் மாசக் கடைசியில் ஆடிட்டரிடம் போவதில். அந்த வேலையை உங்கள் மேசைக்குக் கொண்டுவாருங்கள். பில் வந்த அன்றே எந்த வீட்டுக்கு என்று ஏற்றுங்கள். ஆடிட்டர் சரிபார்க்கட்டும். அதோடு சைட்டிலிருந்து வரவு, செலவு, ஆள் வருகை மூன்றையும் அனுப்ப ஒரு எளிய போன் செயலி. மாசச் சந்தாக்காரரிடம் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். மூன்று மாசம் ஒரே ஒரு வீட்டில் ஓட்டிப் பாருங்கள். வேறு பக்கம் போகலாம் என்று தோன்றினால் ஜோஹோ, இ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்ற சாஃப்ட்வேர்களையும் இதே பையை வைத்துச் சோதியுங்கள். இ.ஆர்.பி.நெக்ஸ்ட் ஓப்பன் சோர்ஸ், லைசன்ஸ் பணம் கிடையாது, ஆனால் நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் இரண்டு காரியம். நாளைக்கு நாம் பிரிந்தால் என் கணக்கு முழுவதும் எக்செல்லில் என் கைக்கு வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். அதே சாஃப்ட்வேரை இரண்டு வருஷமாவது ஓட்டிய கான்ட்ராக்டர் ஒருவரை நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ தேடிப் பிடித்து, விற்பனையாளர் இல்லாமல் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். முதலாளியிடம் கேட்க வேண்டாம், கணக்குப் பிள்ளையிடம் கேளுங்கள்.

அப்பா விஷயம். 2017 நவம்பர் 30 வியாழக்கிழமை ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் வருகைப் பதிவு முழுவதும் அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கரண்ட் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும், வீட்டு ஓடு பறந்துபோன ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். ஒரு மேஸ்திரி மடியில் சொருகியிருந்த நோட்டை எடுத்து நீட்டினார். ஈரத்தில் மை பரவியிருந்தாலும் பெயரும் நாளும் படிக்க முடிந்தது. அதை வைத்துத்தான் அன்று அத்தனை பேருக்கும் கொடுத்தோம். அப்பாவின் நோட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த நோட்டில் என்னென்ன பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறாரோ, அதே வரிசையில் போன் திரையில் கேட்கும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள். ராத்திரி அவர் எழுதியதையும் போனில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஆள் அவர்தான். 22 வருஷம் கட்டியவருக்கு ஒரு சுவருக்கு எத்தனை மூட்டை போகும் என்று பார்த்ததும் தெரியும். கூடுதலாக நாலு மூட்டை எழுதியிருந்தால் அவர் கண்ணில் படும்.

கேள்வி: குலசேகரத்துக்கு மேலே சைட் பார்க்கும் இன்ஜினியர் நான். அங்கே டவர் சரியாகக் கிடைக்காது. ஆட்களில் பாதிப் பேர் வடக்கேயிருந்து வந்தவர்கள், தமிழ் வாசிக்க மாட்டார்கள். அலுவலகத்திலிருந்து செயலியில் வருகை போடச் சொல்கிறார்கள். சரிவருமா அக்கா?
– வாசகர், குலசேகரம்

பதில்: டவர் இல்லாத இடத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு, கிடைக்கும்போது தானாக அனுப்பும் செயலியாக இருந்தால் சரிவரும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு பத்து ஆள் வருகையைப் பதியுங்கள், போனை அணைத்துத் திரும்பப் போடுங்கள். பத்தும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அலுவலகத்தில் தயங்காமல் சொல்லிவிடுங்கள் தம்பி. வடக்கத்தி ஆட்களைப் பதியச் சொல்ல வேண்டாம், பதிவது உங்கள் வேலை. ஆனால் வாரக் கடைசியில் அவரவர் நாள் கணக்கை அவரவர் பார்த்து ஒப்புக்கொள்ளும்படி இந்தியிலோ, வெறும் எண்ணிலோ காட்டுங்கள். ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்து உழைக்கிறவருக்கு அரை நாள் விட்டுப்போனாலும் கேட்க மொழி இல்லை.

கேள்வி: மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். கருங்கல் பக்கத்தில் 9 சென்டில் வீடு கட்டுகிறோம். கான்ட்ராக்டர் ஏதோ சாஃப்ட்வேர் வைத்து வாரம் ஒரு ரிப்போர்ட் அனுப்புகிறார். கலர் கலராகப் படம் வருகிறது, "லின்டல் 80% முடிந்தது" என்கிறது. பணம் அனுப்பலாமா?
– வாசகர், மஸ்கட்

பதில்: சதவீதத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள் தம்பி, கட்டத்துக்கு அனுப்புங்கள். பேஸ்மென்ட், லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்தரம்), கூரைக் கான்கிரீட், பூச்சு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பீர்கள். அந்தக் கட்டம் முடிந்தபின் அந்தத் தவணை. ரிப்போர்ட்டில் இரண்டே இரண்டு எண்ணை வாரா வாரம் சேர்க்கச் சொல்லுங்கள்: அந்த வாரம் இறங்கிய சிமென்ட் மூட்டை எத்தனை, செலவானது எத்தனை. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து யாராவது போய் ஷெட்டில் மிச்சம் இருக்கும் மூட்டையை எண்ணி உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் உங்கள் கான்ட்ராக்டர் அந்த சாஃப்ட்வேரை ஒழுங்காக நடத்துகிறார் என்று அர்த்தம். ஒத்துப்போகாவிட்டால் சண்டைக்குப் போகாமல், முதலில் அவருடைய சைட் நோட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.