ஃபில்டருக்கு முன் ஷாஃப்டின் எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: சிங்கப்பூரின் ஜூரோங் தீவு மின்நிலையம் ஒன்றில் ஷிஃப்ட் பொறியாளராக இருக்கிறேன். நேர்மின்னோட்டக் (DC) கடலடிக் கேபிளில் வெளிநாட்டு மின்சாரம் வரத் தொடங்கினால் எங்கள் டர்பைன் ஷாஃப்ட் அதிர்ந்து விரிசல் விடும், இப்போதே ஃபில்டர் வாங்குங்கள் என்று ஓர் ஏஜென்ட் மேலதிகாரியை நச்சரிக்கிறார். வாங்கலாமா?

வேண்டாம், தம்பி. கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள். 250, 350 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை துடிப்பு) என்று இருக்கும். அது ஹார்மோனிக் ஃபில்டர், நம் மின்கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள தொல்லைகளுக்கானது. உங்கள் ஷாஃப்டின் ஆபத்து 50-க்குக் கீழே. வயிற்றுவலிக்குக் கண் சொட்டு மருந்து விற்கிறார் அவர்.

டர்பைனும் ஜெனரேட்டரும் ஒரே தண்டில், அதாவது ஷாஃப்டில், கோத்த கனமான சக்கரங்கள். ஈரத் துண்டைப் பிழிவதுபோல அந்தத் தண்டு லேசாக முறுக்கித் தளரும், ஒவ்வொரு தண்டுக்கும் அப்படி ஆடும் சொந்த வேகம் உண்டு. மின்கட்டமைப்பின் ஊசலாட்டத்தை 50-லிருந்து கழித்தால் அந்த வேகம் வந்துவிட்டது என்றால், இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். அமெரிக்காவின் நெவாடாவில் மொஹாவி மின்நிலையத்தில் 1970 டிசம்பரிலும் 1971 அக்டோபரிலும் ஷாஃப்ட் சேதமானது இப்படித்தான். அங்கே கட்டமைப்பு 60 ஹெர்ட்ஸ், முறுக்கு 30-க்கு அருகே. நெடுந்தூரக் கம்பிகளில் தொடராக வைத்த கெப்பாசிட்டர்கள்தான் காரணம். கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்கு 50 கிலோமீட்டர் உள்ள நம் சிங்கப்பூரில் அதற்கு வேலையே இல்லை.

ஏஜென்ட் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. 1977-ல் அமெரிக்காவின் வட டகோட்டாவில் நேர்மின்னோட்ட இணைப்பின் கட்டுப்பாட்டுக் கருவியே பக்கத்து ஜெனரேட்டரின் ஷாஃப்டை 11.5 ஹெர்ட்ஸில் ஆட்டியது. ஆனால் தொல்லை பெரும்பாலும் மின்சாரத்தை அனுப்பும் முனையில். வாங்கும் முனையில் மிகக் குறைவு. நாம் இறக்குமதி செய்யும்வரை வாங்கும் முனைதான். என்றாவது அதே கேபிளில் நாம் திருப்பி அனுப்பினால், அப்போது கணக்குப் போட வேண்டும்.

அந்தக் கணக்கை இன்றே கற்றுக்கொள்ளுங்கள், கால்குலேட்டர் போதும். கேபிள் முனையில் ஷார்ட் சர்க்கியூட் திறன் (அந்த இடத்தில் மின்கட்டமைப்பு எவ்வளவு பலமானது என்பதன் அளவு) உங்கள் இயந்திரத்தோடு 10,000 மெகாவோல்ட் ஆம்பியர், இல்லாமல் 9,000 என்று வையுங்கள். வகுத்தால் 0.9, 1-லிருந்து கழித்தால் 0.1, அதன் வர்க்கம் 0.01. கேபிளின் திறன் 600, ஜெனரேட்டரின் திறன் 500 என்றால் விகிதம் 1.2. பெருக்கினால் 0.012. 0.1-க்குக் கீழே இருந்தால் பயம் இல்லை. சரி, அண்டை இயந்திரங்கள் பராமரிப்பில் நின்று, அதே எண்கள் 3,000, 2,000 ஆகிவிட்டால்? விடை 0.13. எல்லையைத் தாண்டிவிட்டது! எல்லாம் ஓடும் நல்ல நாளுக்கு மட்டும் கணக்குப் போட்டு அட்டை போட்ட அறிக்கை தருபவர்களிடம் ஏமாறாதீர்கள். ஊர் பெயரை மட்டும் மாற்றிய அத்தகைய அறிக்கை ஒன்றை நானே ஒருமுறை பிடித்தேன். டெண்டரில் மலிவானவருக்கே கொடுப்போம் என்றால் வேறென்ன வரும்?

இன்னொரு ஏமாற்று: "பேரிங்கில் அதிர்வுமானி இருக்கிறதே, அலாரம் வரும்." அது பக்கவாட்டு அதிர்வைப் பார்க்கும், முறுக்கை அநேகமாகப் பார்க்காது. ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டிருக்கும்போதே திரை பச்சையாக இருக்கும்.

ஆகவே முதல் வேலை, உற்பத்தியாளரிடம் உங்கள் ஷாஃப்டின் முறுக்கு அதிர்வெண்களை எழுத்தில் கேட்பது. வணிக ரகசியம் என்று இழுத்தடிப்பார்கள். இயந்திரம் நம்முடையது, அதன் எண் மட்டும் அவர்களுடையதாம்! விடாமல் கேளுங்கள். அப்புறம், வேகம் அளக்க ஷாஃப்டில் பற்சக்கரமும் காந்த சென்சாரும் ஏற்கெனவே இருக்கிறதா என்று அடுத்த நிறுத்தத்தில் பாருங்கள். பல இயந்திரங்களில் இருக்கும். முறுக்கை அளக்க அந்த சிக்னலிலிருந்தே தொடங்கலாம்.