ஒரு ரேடியேட்டருக்காக மொத்தத் தண்ணீரையும் வடிக்கணுமா?

கேள்வி: மாடி அறையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டர் அடியில் துருப்பிடித்துக் கசிகிறது. அதே அகலத்தில் புதிது வாங்கிவிட்டேன். மாற்றுவதற்கு ஹீட்டிங் தண்ணீர் முழுவதையும் வடிக்க வேண்டுமா? எங்களுடையது பிரஷர் முள் உள்ள பாய்லர். பரணில் தொட்டி கிடையாது.

பதில்: இரண்டு வால்வும் ஒழுங்காக மூடினால் அந்த ரேடியேட்டரில் நிற்கும் தண்ணீரை மட்டும் எடுத்தால் போதும். முதலில் பாய்லரை அணைத்து, எல்லாம் நன்றாக ஆறட்டும்.

எண் போட்ட தெர்மோஸ்டாட் வால்வைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு நம்பிவிடாதீர்கள். அறை குளிர்ந்தால் தானாகத் திறந்துகொள்ளும் வகை நிறைய உண்டு. தலையைக் கழற்றி, அடைப்பு மூடியைப் போட்டு இறுக்குங்கள். மறுபக்கத் தொப்பிக்குள் இருப்பது, இந்த ரேடியேட்டருக்குள் எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்று அளவு வைக்கும் லாக்‌ஷீல்டு வால்வு. அதை மூட எத்தனை சுற்று ஆனது என்று எண்ணி எழுதிவையுங்கள். திரும்ப அதே அளவுதான் திறக்க வேண்டும். நான் ஒருமுறை எண்ணாமல் விட்டு, ஒரு அறை வேக, பக்கத்து அறை விறைக்க, ஒரு வாரம் ஸ்பேனரும் கையுமாக அலைந்தேன்.

இப்போது ரேடியேட்டரின் மேல்முனையில் காற்றை வெளியேற்ற இருக்கும் காற்றுத் திருகைக் கொஞ்சம் திறங்கள். தண்ணீர் பீச்சி, சற்று நேரத்தில் நின்றுவிட்டால் வால்வுகள் பிடிக்கின்றன என்று அர்த்தம். அடியில் தட்டு வைத்து, ஒரு ஸ்பேனரால் வால்வைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் அதை ரேடியேட்டரோடு இணைக்கும் நட்டைத் தளர்த்துங்கள். காற்றுத் திருகு திறந்தே இருக்கட்டும். உறிஞ்சுகுழலின் மேல்முனையை விரலால் அடைத்தால் உள்ளே பானம் நிற்குமே, அதே கதைதான். திருகை மூடி வைத்துக்கொண்டு, "காலியாகிவிட்டது" என்று நட்டை முழுக்கக் கழற்றிக் கார்பெட்டைக் கறுப்பாக்கியவன் நான்.

பீச்சல் நிற்கவில்லையா? அல்லது வால்வையே மாற்றப் போகிறீர்களா? அப்போதுதான் வடிக்கணும், அதுவும் மாடி மட்டத்துக்கு மட்டும். கீழ்த்தளத்து வடிகுழாயில் ஹோஸை மாட்டி வெளியே விட்டு, மெதுவாகத் திறங்கள். பிரஷர் முள் பூஜ்யத்துக்கு வந்ததும் மாடியின் எல்லா ரேடியேட்டர்களிலும் காற்றுத் திருகைத் திறங்கள். கீழே உள்ளவற்றைத் தொடாதீர்கள். எங்கே நிறுத்துவது? ஹோஸ் ஒளி ஊடுருவும் வகையாக இருந்தால், அதன் வாயை மாடி உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். ஹோஸுக்குள் நிற்கும் மட்டம்தான் குழாய்க்குள்ளும் நிற்கிறது. அது உங்கள் வால்வுக்குக் கீழே இறங்கியதும் வடிகுழாயை மூடிவிடலாம். ஒரு விஷயம்: இரண்டு வால்வும் இறுகி மூடிக்கிடக்கும் ரேடியேட்டர் இருந்தால் அது நிறைந்தபடியேதான் இருக்கும்.

புதியதை மாட்டியதும் காற்றுத் திருகுகளை மூடி, வால்வுகளைத் திறந்து, ஃபில்லிங் லூப் (குடிநீர்க் குழாயிலிருந்து ஹீட்டிங்குக்குத் தண்ணீர் ஏற்றும் இணைப்பு) வழியாக முள் 1 முதல் 1.5 பார் காட்டும்வரை நிரப்புங்கள். பிறகு கீழ்த்தளத்தில் தொடங்கி மேல்நோக்கிக் காற்றை வெளியேற்றி, குறைந்த பிரஷரை ஈடுகட்டுங்கள். வடித்ததோடு துருத்தடுப்பு மருந்தும் போயிருக்கும். புட்டியில் உள்ள அளவுப்படி மறுபடி சேருங்கள்.

அப்புறம், பழையதைத் தூக்குமுன் இரண்டு ஓட்டையையும் துணியால் அடைத்துவிடுங்கள். அடியில் தங்கிய கறுப்புச் சேறு மாடிப்படி இறங்கும்போதுதான் கொட்டும்.