மியான்மரில் தேர்தல் நடந்தும் இராணுவத்தின் பிடி தளராதது ஏன்?

நாட்டைக் காக்க வேண்டிய படையே, அதை யார் ஆள்வது, அயல்நாடுகளோடு எப்படிப் பழகுவது என்பதையும் தீர்மானிக்கும் நிலைதான் இராணுவத்தின் அரசியல் தலையீடு. மியான்மரில் அதன் வேர், இராணுவமே எழுதிய 2008 அரசியலமைப்பில் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் 25 விழுக்காடு இடங்கள் படையினருக்கு; முக்கியத் திருத்தங்களுக்கோ 75 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகள் தேவை என்பதால், சீருடை அணிந்த ஓர் உறுப்பினராவது கை தூக்காமல் எதுவும் மாறாது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகார அமைச்சர்களையும் தலைமைத் தளபதியே தேர்ந்தெடுத்தார். வீட்டை ஒப்படைத்த பிறகும் மூன்று அறைகளின் சாவியை இடுப்பிலேயே முடிந்துகொண்டதற்கு ஒப்பானது இது. 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த பின், அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த ஆசியான் உச்சிமாநாட்டுக்கு இராணுவத் தலைமைத் தளபதி மின் ஆங் லைங் அழைக்கப்படவில்லை. அண்டை நாடுகளின் கூட்டமைப்பில் அது அரிய முடிவு.

2021 பிப்ரவரி 1 அன்றுதான் இராணுவம் அரசியலுக்குள் நுழைந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், 1962 இல் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த நாள் முதல் அது முற்றாக வெளியேறவே இல்லை.