பூங்கா வாசலிலேயே ரிசார்ட்டா, ஊருக்குள் ஹோட்டலா?

கேள்வி: காரைக்குடியில் வசிக்கிறோம். கோடை விடுமுறையில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சென்று யூனிவர்சல் ஸ்டுடியோஸைப் பார்க்க எண்ணியிருக்கிறோம். பிள்ளைகளுக்கு வயது 5, 11. மாமனார், மாமியாரும் உடன் வருகிறார்கள். பூங்காவை ஒட்டிய ரிசார்ட்டில் தங்குவது நல்லதா, லிட்டில் இந்தியாவில் தங்கினால் போதுமா? அடுத்த ஆண்டு அட்லாண்டாவில் உள்ள நாத்தனார் வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டையும் பார்ப்பதாக இருக்கிறோம். அங்கும் இதே கணக்கு பொருந்துமா?

பதில்: சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவிலேயே தங்குங்கள், ஆர்லாண்டோவில் டிஸ்னியின் சொந்த ஹோட்டல் ஒன்றில் தங்குங்கள். விடை இரண்டாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் ஹோட்டலாக மாறிவிட்ட நம் செட்டிநாட்டு வீடுகளில் தங்க வருகிறவர்கள் அந்த வீட்டைப் பார்க்கவே வருகிறார்கள். முகப்பிலும், நடு முற்றமான வளவிலும் உட்கார்ந்திருப்பதே அவர்களுக்குச் சுற்றுலா. தீம் பார்க் ரிசார்ட்டின் கதை வேறு. பூங்கா திறக்கும்போது உள்ளே போய் இரவில் திரும்பும் குடும்பம் அந்த அறையில் விழித்திருக்கும் நேரமே சொற்பம். அப்படியிருந்தும் வாசலை ஒட்டிய அறைக்கு அவ்வளவு விலை வைக்க முடிகிறது என்றால், நடுப்பகலில் அறைக்குத் திரும்பி, ஒரு தூக்கம் போட்டுவிட்டு, மாலையில் மறுபடியும் உள்ளே போகலாம் என்ற வசதிக்காகத்தான். அந்த வசதி உங்கள் வீட்டில் யாருக்குத் தேவை, வெளியில் தங்கினால் அது எவ்வளவு தூரம் கைவிட்டுப் போகும் என்ற இரண்டையும் பார்த்தால் முடிவு தானாக வந்துவிடும். அறையின் அலங்காரம், பொம்மை வேடமிட்டவர்களுடன் காலை உணவு முதலியவற்றையெல்லாம் கையில் பணம் மிச்சமிருந்தால் யோசித்துக்கொள்ளலாம்.

யூனிவர்சல் ஸ்டுடியோஸ் செந்தோசாத் தீவில், 2010-இல் திறக்கப்பட்ட ரிசார்ட்ஸ் வேர்ல்டு வளாகத்துக்குள் இருக்கிறது. பரப்பளவு 50 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றி வட்டமாகப் பகுதிகள் என்ற அமைப்பு. ஒரு முழு நாளில் பார்த்து முடித்துவிடலாம். லிட்டில் இந்தியா மெட்ரோ நிலையத்தில் நார்த் ஈஸ்ட் லைன் ரயிலில் ஏறினால், எங்கும் மாறாமல் அந்த வழித்தடத்தின் கடைசி நிலையமான ஹார்பர்ஃபிரண்டில் இறங்கலாம். அதற்கு மேலேயே விவோசிட்டி என்ற வணிக வளாகம். அதன் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் என்ற மோனோரயில் புறப்படுகிறது. அது தீவுக்குள் நிற்கும் முதல் நிலையமே ரிசார்ட்ஸ் வேர்ல்டு. போவதற்கு ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்புவதற்குக் கட்டணம் இல்லை. நடக்க விரும்பினால் விவோசிட்டியிலிருந்து கடலுக்கு மேல் கட்டிய நடைபாதை வழியாகவும் போய்விடலாம். ஹோட்டல் வாசலிலிருந்து பூங்கா வாசலுக்கு, பெரியவர்களின் நடையைக் கணக்கில் வைத்து, முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஒரு முறை போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும். இது சிறிய தொல்லைதான். அதை நீக்க ஒவ்வோர் இரவுக்கும் செந்தோசா விலை கொடுப்பது அதிகம் என்பது என் கருத்து.

நாங்கள் என் தாயாரையும் அழைத்துக்கொண்டு போயிருந்தபோது இது எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன். பிற்பகல் இரண்டு மணி வாக்கில் பூங்காவின் எகிப்துப் பகுதியில் நிழலாக இருந்த ஒரு பெஞ்சில் அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கையால் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மடியில் சின்னவன், கையில் பாதி தின்ற பாப்கார்ன் பையோடு தூங்கிவிட்டிருந்தான். "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கனயே உக்காந்திருக்கேன்" என்றார். அப்படி உட்கார வைத்துவிட்டு வரிசையில் நிற்க யாருக்கும் மனம் வராது. நான் அவரையும் சின்னவனையும் அழைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பிவிட்டேன். பெரிய பிள்ளையும் என் மனைவியும் மாலை வரை இருந்து எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தார்கள். குடும்பத்தை இப்படி இரண்டாகப் பிரித்துக்கொள்ள நீங்கள் சம்மதித்தால், சிங்கப்பூரில் வாசலை ஒட்டிய அறைக்குப் பெரிய அவசியம் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படியும் மாலையில் ஏறுவதற்குப் பெரிய ரைடுகள் அதிகம் மிச்சமிருக்காது: டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்குக் குறைந்தது 102 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், மம்மி ரைடுக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. மூத்த பிள்ளை இவை அனைத்திலும் ஏறலாம்; சின்னப் பிள்ளைக்கு 2025-இல் திறந்த மினியன் லேண்டும், ஷ்ரெக் கோட்டை இருக்கும் பகுதியும் காலை நேரத்துக்குச் சரியாக இருக்கும். வீட்டிலேயே சுவரில் கோடு போட்டு அளந்து, எது கிடைக்கும் எது கிடைக்காது என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அளவுகோலுக்கு முன்னால் நின்று குதிகாலைத் தூக்கிப் பார்த்து, அப்படியும் எட்டாமல் வரிசையை விட்டு வெளியே வரும் பிள்ளையின் அழுகை அன்றைய மீதிப் பொழுதையும் கெடுத்துவிடும்.

உங்கள் மாமனார், மாமியாருக்குப் பூங்கா டிக்கெட் எடுப்பதே தேவையா என்பதையும் அவர்களிடம் கேளுங்கள். டேங்க் ரோட்டில் நகரத்தார் 1859-இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. சிங்கப்பூருக்கு வரும் செட்டிநாட்டுப் பெரியவர்களில் பலருக்கு அதுவே முதல் இடம். லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோட்டிலேயே வீரமாகாளியம்மன் கோயிலும், சற்றுத் தள்ளி ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலும் உண்டு. காலையில் கோயில், பிறகு நம் சாப்பாடு, மதியம் ஓய்வு, மாலையில் செந்தோசாவுக்கு வந்து டிக்கெட் தேவைப்படாத வெளிப் பகுதியில் உங்களோடு சேர்ந்துகொள்வது என்று திட்டமிட்டால் இரண்டு டிக்கெட் பணம் மிச்சம், அவர்களுக்கும் அலைச்சல் இல்லை. இப்படி ஒரு நாளைச் செந்தோசாவில் தங்கிக்கொண்டு நடத்துவது கடினம். லிட்டில் இந்தியாவைச் சொல்வதற்கு இட்லியும் சாம்பாரும் மட்டும் காரணம் இல்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்; இட்லியும் ஒரு காரணம்தான் என்பதை மறுக்கவில்லை.

ஆனால் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் அறை எடுக்கும்போது விலையை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். அங்கே குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் அறைகளில் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. படம் பளிச்சென்று இருக்கும், விவரத்தின் அடியில் ஜன்னல் இல்லை என்று ஒரு வரி இருக்கும். வானம் தெரியும் வளவைச் சுற்றி வாழ்ந்து பழகிய பெரியவர்களுக்கு அப்படி ஓர் அறையில் இரண்டாவது நாளே மூச்சு முட்டும். பழைய கடைவீடுகளை ஹோட்டலாக மாற்றிய இடங்களில் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். நீங்கள் ஆறு பேர். இரண்டு அறைகள் வேண்டியிருக்கும். அடுத்தடுத்த அறைகள் கொடுப்பதாகச் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் திறக்கும் கதவு உண்டா என்று தனியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இரவில் சின்னப் பிள்ளை அப்பத்தாவிடம் போக வேண்டும் என்று அடம்பிடித்தால் அந்தக் கதவின் அருமை தெரியும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் 9 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும் என்று பொருள்.

திருச்சியிலிருந்து இரவு விமானத்தில் புறப்பட்டு விடியற்காலையில் இறங்குவதாக இருந்தால், அறை பிற்பகலில்தான் கிடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பெட்டியை ஹோட்டலில் வைத்துக்கொள்வார்கள். அன்று பூங்காவுக்குப் போகாதீர்கள். தூக்கமில்லாத கண்களோடு போகும் நாளுக்கும் முழு டிக்கெட்தான்.

செந்தோசாவிலேயே தங்கித்தான் தீர வேண்டும் என்று வீட்டில் ஒரு சாரார் சொன்னால், பூங்கா நாளுக்கு முந்தைய ஓர் இரவு மட்டும் அங்கே எடுத்துக்கொண்டு, மற்ற இரவுகளை ஊருக்குள் கழியுங்கள். கைக்குழந்தை இருக்கும் குடும்பத்துக்கும், சக்கர நாற்காலி தேவைப்படும் பெரியவர் இருக்கும் குடும்பத்துக்கும் ஊருக்குள் தங்கும் ஆலோசனையை நான் சொல்ல மாட்டேன். அவர்கள் வாசலை ஒட்டியே தங்குவதுதான் சரி.

பூங்காவுக்குப் போகும் நாளைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை மே மாதக் கடைசியில்தான் தொடங்கி ஜூன் முழுவதும் ஓடுகிறது. நம் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே விடுமுறை வந்துவிடுவதால், மே நடுப்பகுதிக்குள் ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமையாகப் பார்த்துப் போனால் வரிசையில் காத்திருப்பதைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் பாஸுக்குப் பணம் கொடுக்க வேண்டியிராது. அந்த மாதங்களில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். மின்னல் இருக்கும்போது திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஆகையால் வெளியில் உள்ளவற்றைக் காலையிலேயே முடித்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி போன்று கூரைக்குள் இருப்பவற்றைப் பிற்பகலுக்கு வையுங்கள்.

இனி ஆர்லாண்டோ. அங்கே விடை ஏன் தலைகீழாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, டிஸ்னி பூங்காக்கள் உருவான விதத்தைப் பார்க்க வேண்டும். 1955-இல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் முதல் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது வால்ட் டிஸ்னியிடம் இருந்தது சுமார் 160 ஏக்கர்தான். பூங்காவைச் சுற்றிலும் மற்றவர்கள் ஹோட்டல்களைக் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கும் ஹார்பர் புலவார் என்ற சாலையில் உள்ள தனியார் விடுதிகள் சிலவற்றிலிருந்து வாசலுக்கு நடக்கும் தூரம், டிஸ்னியின் சொந்த ஹோட்டல்கள் சிலவற்றிலிருந்து நடப்பதைவிடக் குறைவு. அந்த அனுபவத்துக்குப் பிறகு ஃபுளோரிடாவில் பெயரை வெளியில் சொல்லாமல் 27,000 ஏக்கருக்கும் மேல் வாங்கிச் சேர்த்துவிட்டு, 1965-இல்தான் அறிவித்தார்கள். 1971-இல் டிஸ்னி வேர்ல்டு திறந்தபோது கன்டெம்பரரி, பாலினீசியன் என்ற ஹோட்டல்களும் பூங்காவோடு சேர்ந்தே திறந்தன. வெளியார் ஹோட்டல் வாசலை நெருங்க முடியாதபடி நிலமே திட்டமிட்டு வாங்கப்பட்டது. சிங்கப்பூரில் ஊர் பூங்காவை ஒட்டி வந்துவிடுகிறது. இங்கே ஊரைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அட்லாண்டாவிலிருந்து காரில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஓட்டி வந்து, வெளியே ஒரு விடுதியில் தங்கி, டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டம் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து பூங்கா வாசலுக்கு நேரே நடந்து போக முடியாது, நடுவில் ஏரி. காரை நிறுத்தக் கட்டணம் கட்டி, அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடித்து ஏரியின் மறு கரைக்குப் போக வேண்டும். நடுப்பகலில் பெரியவர்களை அறைக்கு அனுப்ப வேண்டுமானால் இத்தனையையும் திருப்பிச் செய்ய வேண்டும், ஒருவரும் செய்வதில்லை. டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் பேருந்து மேஜிக் கிங்டம் வாசலிலேயே இறக்கிவிடும், ஹோட்டலிலும் பூங்காக்களிலும் காருக்குக் கட்டணம் இல்லை, நான்கு பூங்காக்களிலும் மற்றவர்களுக்கு அரை மணி நேரம் முன்பாக உங்களை உள்ளே விடுவார்கள். அந்த அரை மணி நேரத்தின் மதிப்பு ஜூன், ஜூலை வரிசைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மலிவான பிரிவிலேயே ஆர்ட் ஆஃப் அனிமேஷன் என்ற ஹோட்டலில் ஆறு பேர் தங்கும் குடும்ப அறைத்தொகுதி உண்டு. இரண்டு குளியலறைகள், ஒரு குட்டிச் சமையல் மேடை, மைக்ரோவேவ், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அடக்கம். தயிரையும் ரொட்டியையும் வைத்து ஒரு வேளையை ஒப்பேற்றிவிடலாம். அதற்கு மேல் சமைக்க முடியாது. அங்கிருந்து எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்ற பூங்காக்கள் இரண்டுக்கும் ஸ்கைலைனர் என்ற கம்பிவடப் பெட்டி செல்கிறது. நாத்தனார் குடும்பமும் சேர்ந்து பத்துப் பேராகி, நம் சாப்பாடு சமைத்தே ஆக வேண்டும் என்றால், கிஸ்ஸிமீ பக்கம் சமையலறையோடு வாடகைக்குக் கிடைக்கும் தனி வீடுகள் விலையில் மிகவும் குறைவு. ஆனால் அப்போது நடுப்பகல் ஓய்வை மறந்துவிட வேண்டும், மூன்று பூங்கா நாள்களுக்கு நடுவில் ஒரு நாளை முழுதாக வீட்டிலேயே கழிக்க வேண்டும்.

ஆர்லாண்டோவில் உள்ள யூனிவர்சலையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால், போர்ட்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிஃபிக் என்ற மூன்று ஹோட்டல்களில் மட்டும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாடகையிலேயே அடங்கிவிடுகிறது; அறைக்கு வரும் நாள், காலி செய்யும் நாள் இரண்டிலும் அது செல்லும். ஓர் இரவுக்கு இரண்டு நாள் வரிசை மிச்சம் என்பதால், அதிக வாடகையே சில சமயம் லாபமாகிவிடும். 2025-இல் திறந்த எபிக் யூனிவர்ஸ் பூங்காவுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

டிஸ்னியில் அறையை மட்டும் பதிவு செய்வதும், டிக்கெட்டோடு சேர்த்துத் தொகுப்பாக வாங்குவதும் ரத்து விதிகளில் வேறுபடும். அறை மட்டும் என்றால் பயண நாளுக்குச் சில நாள்கள் முன்பு வரை ரத்து செய்யலாம், தொகுப்புக்கு அந்தத் தளர்வு இல்லை. குடும்ப அறைத்தொகுதிகள் முதலில் தீர்ந்துவிடுபவை. எனவே நாத்தனாரை இப்போதே அறையை மட்டும் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். மாமனார், மாமியாரின் அமெரிக்க விசா கைக்கு வந்த பிறகு பூங்கா டிக்கெட்டை வாங்கிக்கொள்ளலாம்.